பிணத்துக்கு எந்தப் பிரிவு?

வாருங்கள் செல்லங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கொலைக் கதை சொல்லப் போகிறேன். கூடவே கொலையைவிடப் பயங்கரமான ஒன்றையும் சொல்வேன்... அதன் பெயர் ஆபீஸ்!

டுமீல்!

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் தென்கோடி. ஹார்க்னஸ் கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. செப்டம்பர் மாதத்துக் காலை. ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சோளம் காய்ந்து நின்றது.

பன்றிகளுக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்த டார்லா ஸ்டக்கர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கொட்டகைக்குப் பின்னால்...

பழுப்பு நிறச் சீருடை. மார்பில் நட்சத்திரம். நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டை!

"ஐயோ...!"

டெபுடி ட்வைட் பெல்ஃப்ரி. ஷெரீப் ஆபீஸில், அதாவது கவுண்டிப் போலீஸில், நோட்டீஸ் பிரிவு. கோர்ட் உத்தரவுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். டார்லாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு அவர் சட்டைப் பையில் இருந்தது. யாரும் படிக்காமலே அது ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது.

டார்லா அவசர எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ... என் கொட்டகைக்குப் பின்னால ஒரு டெபுடி செத்துக் கிடக்கார்! யாரோ சுட்டுட்டாங்க!"

"பதறாதீங்கம்மா. சுட்டது நீங்களா?"

"யாரோன்னு சொன்னேனே!"

"சும்மா கேட்டு வெச்சேன்."

வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள்!

ரோந்துப் பிரிவு முதலில் வந்தது. வாசலில் மஞ்சள் நாடா கட்டியது. பிணத்தை எட்டிப் பார்த்தது. "ரோட்டுல கிடந்திருந்தா நாங்க பார்த்திருப்போம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனது.

அதிரடிப் பிரிவு வந்தது. இரும்புத் தொப்பி, கவசம், கண்ணாடி. திறந்திருந்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது!

குதிரைப் பிரிவு வந்தது. டார்லாவின் முட்டைக்கோஸ் பாத்தி காணாமல் போனது.

நாய்ப் பிரிவு வந்தது. முக்குளிப்புப் பிரிவு ரப்பர் உடையோடு, படகோடு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் பிணத்துக்குப் படகு எதற்கு என்று கேட்காதீர்கள் செல்லங்களா. அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் பின்னால், டிவி வண்டியையும் அழைத்துக்கொண்டு, ஷெரீப் ராய்ஸ் ஹாடிக்ஸ்!

நட்சத்திரம் பளபளக்க இறங்கினார். பிணத்தின் பக்கமே போகவில்லை. நேராகக் கேமரா முன்னால் போய் நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

"அந்தப் பொம்பளைக்கு விலங்கு மாட்டு!"

"ஷெரீப்! நான் சுடல! என்கிட்ட துப்பாக்கியே கிடையாது!" டார்லா கதறினாள்.

"வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்ல வந்தவனைச் சுட்டிருக்கே. டெபுடியைக் கொன்னா இந்த ஸ்டேட்ல என்ன குடுப்பாங்க தெரியுமா? ஊசி. ஜுரத்துக்குப் போடற ஊசின்னு நெனச்சுக்காதே."

"என் பொண்ணுக்கு என்னை விட்டா யாருமில்ல ஷெரீப்..."

"அதுக்கு அநாதைப் பிள்ளைங்களைப் பார்த்துக்க வேற ஆபீஸ் இருக்கு."

அந்த நேரம் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த குளத்திலிருந்து ஒரு கூச்சல்.

"கிடைச்சிருச்சு!"

தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கைத்துப்பாக்கி!

துப்பறியும் பிரிவின் கேப்டன் கர்ட்டிஸ் அதைக் கைக்குட்டையில் வாங்கிப் பார்த்தார். மனிதர் அவ்வளவாக எதையும் துப்பறிந்ததில்லை. நெற்றியைச் சுருக்குவதில் மட்டும் கெட்டிக்காரர்.

"கைப்பிடியில ஸ்டக்கர்னு செதுக்கியிருக்கு. என்னம்மா இது?"

டார்லாவின் முகம் வெளுத்தது.

"அது... எங்கப்பாவோடது. ஆனா போன வருஷம் நரியைச் சுட்டேன்னு பக்கத்து ஆள் புகார் குடுத்தப்ப நீங்கதான சார் பிடுங்கிட்டுப் போனீங்க! திருப்பித் தரவே இல்லையே!"

"பிடுங்கற சாமானெல்லாம் பறிமுதல் அறைக்குப் போயிரும். அது வேற பிரிவும்மா."

"அங்க கேட்டுப் பாருங்களேன்!"

"கேக்கலாம். ஆனா நாங்களும் அவங்களும் பேசிக்கறதில்ல."

அப்போதுதான் கறுப்பு வண்டி ஒன்று மெதுவாக வந்து நின்றது. ஜன்னலில் வெள்ளைத் திரை. பின்னால் படுத்துக்கொண்டு மட்டுமே போகக்கூடிய வண்டி.

வெர்னா கெஸிங்கர் இறங்கினாள்.

கவுண்டியின் கரோனர். யார் செத்தாலும், எப்படிச் செத்தார், யாரால் செத்தார் என்று தீர்த்துச் சொல்வது அவள் வேலை. ஷெரீப் மாதிரியே ஓட்டு வாங்கி வந்தவள். மற்ற நேரத்தில் சவ அடக்கக் கடை நடத்துகிறாள். வாயாடி. உயிரோடு இருப்பவர்களிடம் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

"வாம்மா பிண வண்டி!" ஷெரீப் சிரித்தார். "அள்ளிப் போட்டுக்கிட்டு சீக்கிரம் கிளம்பு. வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே பேட்டி குடுக்கணும்."

"பிணத்துக்கு என்ன அவசரம் ராய்ஸ்? நீங்கதான் பறக்கறீங்க."

வெர்னா மண்டியிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கர்ட்டிஸ், இங்க வா. ட்வைட்டோட துப்பாக்கி உறையைப் பாரு. பட்டன் போட்டிருக்கு."

"அதனால?"

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போற டெபுடி வண்டியில இருந்து இறங்கறப்பவே பட்டனைக் கழட்டி விட்டுருவான். யாரு கோவத்துல எதைத் தூக்குவான்னு தெரியாதுல்ல? இவன் பட்டனைத் திரும்பப் போட்டிருக்கான். எதிர்ல வந்தது இவனுக்கு நம்பிக்கையான ஆளு. கிட்ட வர விட்டிருக்கான். சட்டை எப்படிக் கருகியிருக்கு பாரு."

கர்ட்டிஸ் நெற்றியைச் சுருக்கினார்.

"துப்பாக்கி உறை பயிற்சிப் பிரிவு சமாசாரம்க்கா..."

"நீயெல்லாம் எதுக்குய்யா கேப்டன்?"

வெர்னா எழுந்து நடந்தாள்.

கொட்டகை நிழலில் நாய்ப் பிரிவு டிராவிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பன்னுக்கு வெளியே நாலு பக்கமும் தொங்கும் பொரித்த பன்றி இறைச்சி. அவன் நாய் டீசல் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"நாய்க்கு ஒரு துண்டு போடேன்டா."

"இன்னைக்கு அதுக்குப் பட்டினிக்கா. என் மானத்தை வாங்கிருச்சு! பிணத்துக்கிட்ட இருந்த கால்தடத்தை மோந்துச்சு. சோளக்காட்டுக்குள்ள போச்சு, குளத்துக்குப் போச்சு, திரும்பி வந்து..."

"வந்து?"

"நேரா ஷெரீப் காலடியில போய் உட்கார்ந்துக்கிச்சு!"

"ஷெரீப் பிணத்துக்கிட்டயே வரலையேடா. கேமராகிட்டதான நிக்கறார்?"

"அதான் சொல்றேன், கிறுக்கு நாய்னு!"

"சரி, ஆளைக் கண்டுபிடிச்சா என்ன பண்ணச் சொல்லி அதைப் பழக்கியிருக்கே?"

"உட்காரச் சொல்லி."

வெர்னா அவனையே பார்த்தாள். டீசலும் அவனையே பார்த்தது. இரண்டு பேரின் பார்வையிலும் ஒரே இரக்கம்.

"உனக்கு ஒண்ணுமே தோணலையாடா?"

"தோணறது துப்பறியும் பிரிவுக்குக்கா. நான் நாயைப் புடிக்கற பிரிவு."

குளக்கரையில் முக்குளிப்புப் பிரிவு சார்ஜென்ட் லானி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களாக்கா? முங்கினோம், எடுத்தோம்! டிவிக்காரங்க கேமராவைச் சரியா நிறுத்தறதுக்குள்ள!"

"இவ்ளோ பெரிய குளத்துல எப்படிடா உடனே கிடைச்சுது?"

"ஷெரீப்தான் சொன்னாரே. படகுத்துறைக்கு இடது பக்கம், கடைசித் தூணுக்குக் கீழன்னு."

"இங்க வந்து சொன்னாரா?"

"இல்லக்கா. காலையில எங்களை ஃபோன்ல கூப்பிட்டப்பவே. நாங்க ஆபீஸை விட்டே கிளம்பல."

வெர்னாவின் குரல் இறங்கியது.

"லானி... அப்ப இந்த இடத்துக்கு ஒருத்தருமே வந்திருக்க மாட்டாங்களேடா. துப்பாக்கி எங்க இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு நீ கேக்கல?"

"கூப்பிட்டா வருவோம். முங்கச் சொன்னா முங்குவோம். கேக்கறதெல்லாம் எங்க..."

"பிரிவு இல்ல. தெரியுது. தலையை நல்லாத் துவட்டு, உள்ள தண்ணி போயிருக்கும்."

வெர்னா வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பறிமுதல் அறைக்கு ஃபோன் போட்டாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் நேடீன் எடுத்தாள்.

"ஸ்டக்கர் பேர் செதுக்கின துப்பாக்கியா? போன வாரம் ஷெரீப்பே வந்து வாங்கிட்டுப் போனாரே வெர்னா! அந்தம்மா கையில நேர்ல குடுக்கறேன்னார். எவ்ளோ தங்கமான மனுஷன்!"

"தங்கம்தான்டி. உருக்கற நேரம் வந்திருச்சு."

அடுத்த ஃபோன் ஜட்ஜுக்கு. அது நீண்ட நேரம் நடந்தது. ஜட்ஜ் இரண்டு தடவை "என்னது?" என்றார். மூன்றாவது தடவை "சரி" என்றார்.

வெளியே ஷெரீப் பேட்டியை ஆரம்பித்திருந்தார்.

"நம்ம ஆபீஸோட ஒவ்வொரு பிரிவும் இன்னைக்கு ஒரே உடம்பு மாதிரி வேலை செஞ்சது! ரோந்து, நாய், குதிரை, முக்குளிப்பு, அதிரடி... குற்றவாளி அதோ விலங்கோட நிக்கறா! என் அருமைத் தம்பி ட்வைட்டோட ஆத்மா சாந்தியடையும்!"

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கண் காய்ந்துதான் இருந்தது.

"ராய்ஸ்!"

வெர்னா கேமராவுக்குள் நடந்து வந்தாள்.

"மே மாசத் தேர்தல்ல உங்க அருமைத் தம்பி உங்களையே எதிர்த்து நிக்கப் போறதா போன ஞாயிறு சர்ச் விருந்துல என்கிட்ட சொன்னான். பாதி ஊர் அவன் பக்கம்னும் சொன்னான். உங்ககிட்டயும் சொன்னானா?"

ஷெரீப்பின் கழுத்து சிவந்தது.

"பிணத்தை ஏத்திட்டுப் போம்மா!"

"பறிமுதல் அறையில இருந்து டார்லா துப்பாக்கியை எடுத்தது நீங்க. அது எந்தத் தூணுக்குக் கீழ கிடக்குன்னு இங்க வராமலே சொன்னது நீங்க. நாய் வந்து உட்கார்ந்தது உங்க காலடியில. மூணு பிரிவு இந்த மூணு துப்பையும் கையில வெச்சுக்கிட்டு பன்னு தின்னுட்டு இருக்கு!"

கேமராக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"எனக்குக் கீழ நோட்டீஸ் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய!" ஷெரீப் வெடித்தார். "என் நாற்காலியில உட்காருவேன்னு என் மூஞ்சிக்கு நேரா..."

நிறுத்தினார்.

தாமதம்! சொல்லக் கூடாதது வெளியே வந்துவிட்டது.



பிறகு ஷெரீப் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, இருக்கட்டும்! என்ன பண்ணுவே? யாரு என்னைக் கைது பண்ணுவா? ரோந்து என்னுது! அதிரடி என்னுது! ஜெயில் என்னுது! அந்தக் குதிரைக்கே நான்தாம்மா புல்லு போடறேன்!"

"நான் பண்ணுவேன்."

"நீயா? பிணத்துக்குப் பவுடர் பூசறவ!"

"இந்த ஸ்டேட்ல சட்டம் எழுதினவங்க உங்க மாதிரி ஒருத்தரை அப்பவே பார்த்திருக்காங்க போலிருக்கு ராய்ஸ். ஷெரீப்பைக் கைது பண்ண கவுண்டியில ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம் குடுத்திருக்காங்க. கரோனருக்கு. ஜட்ஜ் வாரண்ட் குடுத்தாச்சு."

"பொய்! கர்ட்டிஸ், சொல்லுய்யா!"

கர்ட்டிஸ் முதன்முறையாக நெற்றியைச் சுருக்கவில்லை.

"நிஜம்தான் ஷெரீப். வேலைக்குச் சேர்றப்ப பரீட்சையில வந்துச்சு. இதெல்லாம் எங்க நடக்கப் போவுதுன்னு விட்டுட்டேன்."

"இவளை இழுத்து வெளிய தள்ளுங்கடா!"

ரோந்துப் பிரிவு ஒரு அடி பின்வாங்கியது.

"இது ரோடு இல்லீங்களே ஷெரீப்..."

"லானி!"

"தண்ணி இல்லீங்களே..."

"அதிரடி! அதிரடி எங்கடா?"

அதிரடிப் பிரிவின் தலைவன் கவசத்துக்குள் நெளிந்தான்.

"உடைக்கறதுக்குக் கதவு எதுவும் காணோமே ஷெரீப்."

வெர்னா டார்லாவிடம் போனாள்.

"கர்ட்டிஸ், இந்தம்மா கையில இருக்கறதைக் கழட்டு. என்கிட்ட விலங்கு கிடையாது. என் ஆளுங்க யாரும் ஓட மாட்டாங்க."

க்ளிக்.

டார்லாவின் மணிக்கட்டு சிவந்திருந்தது. அவள் அதைத் தடவிக்கொள்ளவில்லை. வெர்னாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"ஊசி போட்டுருவாங்கன்னு நெனச்சேன்க்கா... என் பொண்ணு..."

"அழாதே. வீட்டைக் காலி பண்ணச் சொன்ன உத்தரவும் ரத்தத்துல ஊறிப் போச்சு. வேற ஒண்ணு அடிச்சுக் கொண்டு வரதுக்கு நோட்டீஸ் பிரிவுல ஆள் இல்ல. இந்த ஆபீஸ் வேகத்துக்கு உன் பொண்ணு காலேஜே முடிச்சிருவா. ஏறு, முன்சீட்ல உட்கார். வாக்குமூலம் குடுக்கணும்."

க்ளிக். விலங்கு இப்போது ஷெரீப்பின் கையில்!

"என்னை... என்னை எங்க உட்கார வெப்பே?" ஷெரீப்பின் குரல் கீச்சிட்டது.

வெர்னா பின்கதவைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துணி மூடிய ட்வைட். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம்.

"உட்கார முடியாது ராய்ஸ். படுக்கலாம். உங்க அருமைத் தம்பிதான பக்கத்துல?"

கவுண்டி ஜெயில். கேட்டைத் திறந்த சிறைப் பிரிவுக் காவலன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். மல்லாக்க இரண்டு பேர். தலையைச் சொறிந்தான்.

"வெர்னாக்கா... இதுல யாரு எங்க பிரிவு?"

"மூச்சு விடறவர்."

அவ்வளவுதான் செல்லங்களா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கட்டும். எந்த ஆபீஸின் எந்தப் பிரிவும் உங்கள் கதவைத் தட்டாமல் போகட்டும். கரோனர் ஒருத்தி மட்டும் எப்படியும் ஒரு நாள் வரத்தான் செய்வாள்... உங்கள் வாசலுக்கு வழி தெரியாமல் அவள் இன்னும் நூறு வருஷம் பெட்ரோலை வீணாக்கட்டும்!