பச்சை டாங்கி

மாஜிதாவின் இடது கைக் கட்டைவிரலில் காய்ப்பு இருந்தது. சோற்றுத் தட்டை அவள் நீட்டியபோதுதான் முகம்மது ரபீக் அதை முதன்முதலாகக் கண்டார். அரிவாள்மனையில் நறுக்குகிற கையில் எங்கே கோடு விழும் என்று அவருக்குத் தெரியும். இது அந்த இடம் இல்லை. விரல் நுனியின் சதையில், கூட்டல் குறி மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக, வருஷக்கணக்கில் எதையோ அழுத்தி அழுத்திப் பதிந்த தடம்.

"என்னளா இது கையில?"

"எது? வேல செய்யுத கை காய்க்காம என்ன செய்யும்?" என்று சொல்லிக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மேலே கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சவூதியில், தம்மாமில் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். லீவு கிடைத்தபோதெல்லாம் தென்காசிக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர். இந்த நோன்புப் பெருநாளோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டார். பெண்டாட்டியின் கையை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பதே இப்போதுதான்.

ஆனி பிறந்ததும் சாரல் இறங்கியது. மலைப்பக்கமிருந்து வந்த காற்று மத்தியானத்திலேயே தெருவை மங்க வைத்தது. கொடியில் போட்ட துணி காயவில்லை, சுவரெல்லாம் ஈரம் பூத்தது, வீடு முழுக்க நனைந்த சுண்ணாம்பின் வாசனையும் மாஜிதா போடும் சாம்பிராணிப் புகையும் கலந்து நகராமல் நின்றன. அப்படி ஒரு நாளில் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு, பள்ளிவாசல் வாசலில் நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வந்து, நடையில் செருப்பைக் கழற்றும்போது மாடி அறையிலிருந்து ஒரு சத்தத்தைக் கேட்டார். டிக். டிக்டிக். கூரைத் தகரத்தில் சொட்டும் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் இந்தச் சத்தம் நின்றது, யோசித்தது, மறுபடி தொடங்கியது. காது கொடுத்துக் கேட்டால் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று வேகமாக ஓடியது. மற்றது தயங்கித் தயங்கி அதன் பின்னால் போனது.

"மேல யாரு?"

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மாஜிதா மட்டும் படியிறங்கி வந்தாள்.

"தூசி தட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். கையில் துடைப்பம் இல்லை. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி அவள் முகம் சிவந்திருந்தது.

மாடி அறை அதீபாவுடையது. அவர்களின் ஒரே மகள். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ரபீக் தம்மாமிலிருந்து ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தார். வெள்ளையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் பெட்டி, வயர் வைத்த இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று கேசட்டின் மேல் அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரு இருபதுதான், அதுவே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டவர்களின் பிள்ளைகள்தான் சாயங்காலமானால் கதவோரம் வந்து நின்றார்கள். ஓடாமல் நின்றுவிட்டால் கேசட்டைக் கழற்றி அடியில் ஊதிப் போட வேண்டும். அதீபா அதை ஆலிம்சா ஓதி ஊதுகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு ஊதுவாள். அவளுக்கு உயிர் டாங்கி கேம்தான். செங்கல் கோட்டைக்குள் ஒரு பருந்து இருக்கும். எதிரி டாங்கிகள் அதைச் சுட்டுவிடாமல் இரண்டு பேர் சேர்ந்து காக்க வேண்டும். ஒருவருக்கு மஞ்சள் டாங்கி, இன்னொருவருக்குப் பச்சை.

"பச்ச எனக்கு. மஞ்ச வாப்பாக்கு" என்று அவளே பங்கு பிரித்துவிட்டாள். அந்த லீவில் ரபீக் அவளோடு உட்கார்ந்தது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் போய்விட்டன. அடுத்த லீவுக்கு வரும்போது விளையாடலாம் என்றார்.

அந்த லீவு கிடைப்பதற்குள், பத்து வயதில் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. செய்தி தம்மாமுக்கு வந்து சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. பாஸ்போர்ட்டோ முதலாளியின் கையில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த லீவிலும் அவர் மாடி ஏறவில்லை. அறை பூட்டியே கிடப்பதாக நினைத்திருந்தார்.

சத்தம் கேட்டு இரண்டொரு நாள் கழித்து, மேசை விசிறியைப் பழுது பார்க்கக் கோயில் வாசல் பஜாருக்குப் போனார். கடைக்காரர் சிவனணைந்தபெருமாள் நாற்பதைத் தாண்டியவர். விலாசத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"மாஜிதாக்கா வீட்டு அண்ணாச்சியா நீங்க? வருசா வருசம் அக்கா அந்த வீடியோ கேம கொண்டாருவாங்க. அதக் கையில எடுத்தாலே எனக்கு மூணாங் கிளாஸ் படிச்ச ஞாபகம் வந்துரும் பாத்துக்கிடுங்க. வாடகைக்கு எடுத்து, பத்துப் பேரு அடிச்சுப் பிடிச்சு வெளயாடுவோம்லா. இப்ப ஆயிரம் வந்துட்டு, அந்த ருசி எங்க இருக்கு? வீட்டுல பேரப்பிள்ளைகளா வெளயாடுது?"

"ஏன் கேக்கீரு?"

"ரெண்டு ரிமோட்டுலயும் பட்டன் ரப்பர் தேஞ்சு தேஞ்சு வருது. அதுலயும் ரெண்டாவது ரிமோட்டு இருக்கே, ஓடே நெளிஞ்சுல்லா வருது. இம்புட்டு அழுத்தி வெளயாடப்படாதுன்னு பிள்ளைகட்ட சொல்லி வைங்க அண்ணாச்சி."

ரபீக் விசிறியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார்.

வருஷக்கணக்கில் தனியாகக் கிடந்ததால் வந்த மனக்கோளாறு என்றுதான் அவர் முடிவுக்கு வந்தார். இரண்டு ரிமோட்டையும் ஒருத்தியே வைத்து விளையாடுகிறாள். பாவம், வேறென்ன செய்வாள். மறுநாள் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். கல்யாணமான புதிதில் போனதுதான். சீசன் கூட்டம் நெரிந்தது. நல்லெண்ணெய் வாசனை, மங்குஸ்தான் கூடைகள், போலீஸ்காரரின் விசில், இவை எல்லாவற்றுக்கும் மேல் மெயினருவியின் இரைச்சல். பெண்கள் பக்கம் போய் நனைந்துவிட்டு வந்த மாஜிதா, சேலை சொட்டச் சொட்ட நின்று சூடாக ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கடித்து, காரம் தாங்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. பிறகு அவள் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"போவலாங்க. அஸருக்கு வீட்டுல இருக்கணும்."

"இங்கன தொழுதுட்டுப் போவலாம்ளா."

"தொழுகைக்கு இல்ல." உதடு நடுங்கியது. குளிர் என்று நினைத்தார். "காத்துக்கிட்டிருக்கும்."

"எது காத்துக்கிட்டிருக்கும்?"

அவள் போய் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். வழியெல்லாம் வண்டி நெரிசல். ஆட்டோ ஊர்ந்தது. சாரல் பக்கவாட்டில் அடித்து அவளை மேலும் நனைத்தது. மடியில் கிடந்த அவள் கட்டைவிரல் தானாக அசைந்துகொண்டிருந்தது.

வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே கேட்டது. ஆட்டம் தொடங்குகையில் வரும் அந்தச் சின்ன இசை. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடி. பொறுமை இழந்து யாரோ ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரி. பூட்டிய வீட்டுக்குள்.

"வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று மாஜிதா ஈரச் சேலையோடு மாடிக்கு ஓடினாள்.

ரபீக் ஒவ்வொரு படியாக ஏறினார். அறைக்குள் விளக்கில்லை. பழைய டியூப் டிவியின் வெளிச்சம் சுவரில் நடுங்கியது. தரையில் போட்ட இலவம்பஞ்சு மெத்தையில் மாஜிதா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், முதல் ரிமோட் அவள் கையில். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டாவது ரிமோட் காற்றில் நின்றது. பட்டன்கள் அமுங்கின. எழுந்தன. அமுங்கின.

"பயப்படாதிய. ஒண்ணும் செய்யாது" என்றாள், திரும்பாமலே.

"அதீபாவா?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மாஜிதா பட்டனை அழுத்தியபடியே சொன்னாள்.

"இல்லங்க."

மழை ஜன்னலில் அறைந்தது.

"மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். உயிரோட இருக்கும்போது, 'வாங்க உம்மா, ஒரே ஒரு ஆட்டம்'னு கெஞ்சுவா. அடுப்புல வேல கெடக்குன்னு வெரட்டிருவேன். அவ போனப்புறம் ஒருநா மனசு கேக்காம இதப் போட்டுட்டுச் சும்மா உக்காந்தேன். பச்ச நகந்துது. அவ செய்வாள்லா, சுடுததுக்கு முன்னால ஒருக்க நின்னு திரும்பிப் பாக்கது, அதே மாதிரி பாத்துது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அவ தோத்தா அழுவா. இது அழாது. இத்தன வருசத்துல ஒருக்காக்கூட என்ன உம்மான்னு கூப்புட்டதில்ல. அவ எலும்பும் தோலுமாத்தான போனா? இந்தா, மெத்த எம்புட்டு அமுங்கிக் கெடக்கு பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

"பொறவு எதுக்குளா இதோட...?"

"அவள மாதிரியே வெளயாடுதுங்க. அவள மாதிரி வெளயாட இந்த ஒலகத்துல வேற யாரு இருக்கா?"

அன்று இரவே மாஜிதாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊசி போட்டும் இறங்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு கரகரத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் வற்புறுத்தியபோதெல்லாம் நாளைக்கு என்றாள். மறுநாள் அஸர் பாங்கு சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மட்டும் நீங்க போயி உக்காருங்க. காக்க வைக்காதிய. மஞ்ச ஒங்களுக்குன்னுதான சொல்லிட்டுப் போனா?"

வயரைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றுதான் அவர் மாடி ஏறினார். திரையில் இரண்டு டாங்கிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மஞ்சள் டாங்கிக்கான ரிமோட் மெத்தையில் கிடந்தது. சும்மா தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பக்கத்தில் மெத்தை அமுங்கியது. சாய்ந்துவிடாமல் கையை ஊன்றிக்கொண்டார்.

அவருக்கு விளையாடத் தெரியாது. செங்கலில் போய் முட்டினார். பச்சை டாங்கி வந்து அந்தச் செங்கலைச் சுட்டு வழி விட்டது. எதிரி வந்தபோது குறுக்கே வந்து நின்றது. சுடுவதற்கு முன் நின்றது. திரும்பி, மஞ்சளைப் பார்த்தது. அந்த ஒரே நாளில் அதீபா இப்படித்தான் திரும்பினாள், வாப்பா பார்க்கிறாரா என்று. ரபீக்கின் கண்ணில் நீர் முட்டியது.

"அதீபா" என்றார், இல்லையென்று தெரிந்தே.

காற்றில் நின்ற ரிமோட் ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு ஆட்டம் தொடர்ந்தது. தான் சிரிப்பது அவர் காதிலேயே விழுந்தது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். இன்னும் ஒன்று.

நிமிர்ந்தபோது ஜன்னல் கறுத்திருந்தது. அந்திநேர மஃரிப் பாங்கு அவர் காதில் விழவே இல்லை. கீழே போனார். மாஜிதா கட்டிலில் இல்லை. படிக்கட்டின் அடியில் கவிழ்ந்து கிடந்தாள், ஒரு கை முதல் படியின் மேல். உடம்பு சில்லிட்டிருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டாளோ, தெரியவில்லை.

கபரில் மூன்று பிடி மண்ணை அவரே போட்டார். மகளுக்குப் போட முடியாத கை. சொந்தக்காரர்கள் இருந்து, அழுது, ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். மாடி அறையைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டார். டிவிக்குப் போகும் கரண்ட் வயரைக் கத்தரித்துவிட்டிருந்தார்.

தனியான முதல் சாயங்காலம். சாரல். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாங்கு சொல்லி முடிந்தது.

டிக்.

டிக்டிக்.

இரண்டு சத்தம். ஒன்று வேகமாக ஓடியது. மற்றது தயங்கியது. நடுவில், "ச்சு" என்று ஒரு சின்னச் சலிப்பு. பால் பொங்கி வழிந்தால் மாஜிதா போடும் அதே "ச்சு".

அது அவள் இல்லை. அவருக்குத் தெரியும். எழுந்தார். படியேறினார். பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது.

திரை எரிந்தது. மஞ்சள். பச்சை. இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு ரிமோட்டும் காற்றில் இருந்தன, அருகருகே. மிக அருகே. ஒருவர் தன் இரண்டு கையில் வைத்திருப்பதுபோல.

மெத்தையைப் பார்த்தார்.

பள்ளம் ஒன்றுதான் இருந்தது. அகலமான, ஆழமான ஒரே பள்ளம்.

திரையில் இரண்டு டாங்கிகளும் நின்றன. ஒரே நேரத்தில் திரும்பின. மெத்தையில் அந்தப் பள்ளம் சுவரோரமாக மெல்ல நகர்ந்தது, அது விட்ட இடத்தில் துணியின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, இன்னொருவர் உட்கார.