குழிக்கு அப்புறம் வரும் வசனம்

ஒத்திகையில் தம்பி வசனத்தை மறந்து நின்றான். அவள் எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மெல்லிய குரல்தான். தொண்டையைத் தொடாமல் மூச்சிலேயே உருண்டு வருகிற, மேடை ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர்கள் மட்டுமே பழகி வைத்திருக்கிற குரல். “என் வீட்டுல எனக்கே...” என்று அது தொடங்கியதும் தம்பி கப்பென்று பிடித்துக்கொண்டு, “உட்கார இடம் இல்லையா?” என்று முடித்து, அடுத்த வரிக்கும் போய்விட்டான். அவள் மடியில் விரித்திருந்த பிரதியைக் குனிந்து பார்த்தாள். விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. உதடுகள் இன்னும் பிரியவே இல்லை.

ஒத்திகை முடிந்து வியர்வையைத் துடைத்தபடி வந்த தம்பி, “அக்கா, இன்னைக்கு நீ குடுத்தது காதுக்குள்ளயே வந்து விழுந்துச்சு. இப்படியே குடு, போதும்,” என்று சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. “ம்” என்று மட்டும் சொன்னாள்.

நாடகக் குழுவில் அவளுக்குக் கிசுகிசு அக்கா என்று பெயர். ஊர் வம்பு எதையும் அவள் பேசியதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் இந்த வேலைக்கு வந்ததே தம்பிக்காகத்தான். ஒரு காய்ச்சல் மூளைவரை போய்த் திரும்பியதிலிருந்து அவன் ஞாபகம் சல்லடையாகிவிட்டது. நடிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாதவன், கூப்பிட ஆளில்லாமல் வீட்டுச் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “வசனம் விட்டுப்போனா நான் தாங்கிக்கிறேன் சார், என்னை நம்பிக் குடுங்க,” என்று இயக்குநரிடம் மன்றாடி, அவள்தான் அவனை மறுபடி மேடை ஏற்றினாள். அதுவும் கதாநாயகனாக.

பள்ளிக்கூடப் பாடத்தில் பெயர் வருகிற அந்தப் பெரிய நாடகாசிரியரின் கடைசி நாடகம் அது. தன் பிணத்துக்கு முன்னால் குடும்பத்தார் என்ன பேசுவார்கள் என்று கேட்டுவிட ஆசைப்பட்டு, உயிரோடிருக்கும்போதே குழி வெட்டச் சொல்லி, அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் ஒரு கிழவரின் கதை. கிழவர் குழிக்குள் கால் வைக்கிற இடம்வரை எழுதியிருந்தபோது நாடகாசிரியர் இறந்துபோனார். அப்புறம் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் குழு போட்டாலும் அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதுதான் முடிவு என்று சனமும் பழகிவிட்டது.

இந்த இயக்குநருக்கு அது போதவில்லை. நாடகாசிரியரைப் புதைத்த இடத்திலேயே போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய கல்லறைத் தோட்டம் அது. பெயர் தேய்ந்த கற்களுக்கு நடுவே அவருடைய கருங்கல் பலகை தரையோடு தரையாகக் கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அதன் ஒரு மூலை மட்டும் எண்ணெய் பூசியதுபோல மின்னியது. அதற்கு எதிரே காலியாக இருந்த மண்ணில், தோட்டத்துக் காவலாளியைக் கொண்டு முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார்கள். சனத்தின் கண்ணில் படாமல் அவள் உட்கார ஒரே இடம்தான் கிடைத்தது. கல்லை ஒட்டிக் கட்டிய கறுப்புத் துணிக்குப் பின்னால். ஒத்திகையின்போதும் அங்கேதான் அவளுடைய முக்காலி.

மறுநாள் ஒத்திகையில் அவள் பிரதியைத் திறக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிப்போவில் வண்டிகள் உறுமி, பெருமூச்சு விட்டு அடங்கின. டீசல் நெடியும் புதிதாகக் கிளறிய மண்ணின் ஈர வாசனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. மாலை வெளிச்சம் கற்களின் நிழலை இழுத்து நீட்டி அவள் பாதத்தின்மேல் போட்டது. தம்பி ஒரு வரியில் தடுக்கினான். ஒரு கணம். குரல் வந்தது.

கீழேயிருந்து வந்தது. அவளுடைய கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து.

அவள் முக்காலியிலிருந்து சரிந்து, உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தாள். வெயிலில் கிடந்த கல் சுடவேண்டும். சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சிக்கு உள்ளே, பேசுகிறவரின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி ஒரு அதிர்வு. தம்பியின் வரி முடிந்ததும் அதுவும் நின்றது. அவள் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒத்திகை கலைந்தபோது காவலாளி குழியின் ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, உங்க ஆளுங்க யாராவது இதைத் தோண்டினாங்களா?”

அவள் எட்டிப் பார்த்தாள். குழி இடுப்பளவு ஆழம் இருந்தது.

“நீங்கதானே வெட்டினீங்க?”

“நான் வெட்டினது முழங்காலுக்கு. அதுகூட விடுங்க.” அவர் குழியைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினார். “தோண்டின மண்ணு எங்க?”

குழியின் விளிம்பில் பழைய மண்குவியல்தான் இருந்தது, வைத்தது வைத்தபடி.

அவள் இயக்குநரிடம் போனாள். அவர் நாற்காலிகளை எப்படிப் போடுவது என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். பாதிதான் கேட்டார்.

“சுத்தியும் கல்லு, அந்தப் பக்கம் டிப்போ சுவரு. எதிரொலிக்காம என்ன பண்ணும்? உங்க குரலேதான் உங்களுக்குத் திரும்பி வருது.”

“நான் வாயைத் திறக்கலை சார்.”

“பழக்க தோஷத்துல திறந்திருப்பீங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கிசுகிசு அக்கா, உங்க தம்பி இவ்வளவு நல்லா பண்ணி நான் பார்த்ததே இல்லை. அதைப் பாருங்க. கண்ணு வைக்காதீங்க.”

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தம்பியிடமே சொல்லிவிட்டாள். வசனம் கொடுப்பது தான் இல்லை என்று. அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“தெரியும்,” என்றான்.

“என்னடா தெரியும்?”

“உன் குரல் எனக்குத் தெரியாதா? அது நீ இல்லைன்னு முதல் நாளே தெரிஞ்சுது.” நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. “ஆனா அக்கா, தலைக்குள்ள எல்லாம் காலியாயி, அத்தனை பேர் முன்னாடி வெறுமனே நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. அதுக்கு இது தேவலை. யார் குடுத்தா என்ன?”

“அந்தக் குழிக்குள்ள மட்டும் இறங்காதே. ஓரத்துலயே படுத்துக்கோ. எனக்காக.”

“சரி,” என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தான். சின்ன வயதில் பொய் சொல்லும்போதும் இப்படித்தான் தட்டிக் கொடுப்பான்.

நாடகத்தன்று காவலாளி வரவில்லை. சாவியை இயக்குநர் வீட்டில் எறிந்துவிட்டுப் போய்விட்டாராம். மாலை மங்கும் முன்பே நாற்காலிகள் நிறைந்தன. இடம் கிடைக்காதவர்கள் கற்களின்மேல் உட்கார்ந்தார்கள். அவள் ஒருமுறை குழிக்குப் பக்கத்தில் போனாள். ஆள் நின்றால் தலை தெரியாத ஆழம். அடியில் வெளிச்சம் எட்டவில்லை. விளக்குக்காரரிடம் ஓடினாள்.

“தம்பி கால் குழி ஓரத்துல பட்டதும் அணைச்சிடுங்க. ஒரு நொடி தாமதிக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.”

“எப்பவும் செய்றதுதானே அக்கா? கவலைப்படாம போங்க,” என்றார் அவர்.

நாடகம் தொடங்கியது. தம்பி பிரமாதமாக நடித்தான். தடுக்கவே இல்லை, ஏனென்றால் குரல் இப்போது அவன் மறக்கும்வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வரியையும், எல்லாருடைய வரியையும், அவர்கள் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால் அது சொல்லிக்கொண்டே போனது. மருமகளாக நடித்தவளின் வசனம். மகன்களாக நடித்தவர்களின் வசனம். முக்காலியின் கால்கள் வழியாக அது ஏறி அவள் முதுகெலும்பில் ஓடியது. எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் மரத்துப்போயிருந்தது. டிப்போவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. காற்றும் இல்லை. கூட்டத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கிழவர் வேஷத்தில் தம்பி குழியை நோக்கி நடந்தான். ஓரத்தில் நின்றான். அவள் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

இறங்கினான்.

விளக்கு அணையவில்லை.

அவள் துணியின் இடுக்கு வழியாக விளக்குக்காரரைத் தேடினாள். விசைக்கு மேலே அவருடைய கை அந்தரத்தில் நின்றிருந்தது. அவர் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரதி முடிந்துவிட்டது. மடியில் இருந்த கடைசிப் பக்கத்தின் கீழே வெறும் வெள்ளை.

குரல் நிற்கவில்லை.

“படுத்துட்டாரா?” என்றது. மூத்த மகன், “படுத்துட்டாரா?” என்றான்.

“படுத்துட்டாரு.” இளையவன் திருப்பிச் சொன்னான்.

குழி வெட்டுபவர்களாக நடித்த இருவரும் மண்வெட்டியால் மண்ணை அள்ளி நின்றார்கள். நிஜ மண். ஈர மண். “மூடிடலாமா?” என்றான் ஒருவன்.

“யாராவது சொல்லணுமே,” என்றான் மற்றவன்.

“சொந்தம் சொல்லணும்.”

“நாங்க சொன்னா செல்லாது,” என்றாள் மருமகள். “பெரியவருக்கு ஒரு அக்கா இருக்காங்களே.”

நாடகத்தில் அக்கா கிடையாது. எந்தக் காட்சியிலும் கிடையாது.

அவர்கள் எல்லாரும் கறுப்புத் துணியின் பக்கம் திரும்பினார்கள். கூட்டமும் திரும்பியது. நாற்காலிகள் கிரீச்சிடும் சத்தம் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் நின்றது. முன்வரிசையில் இயக்குநர் கண்ணில் நீர் வழிய, ஆனந்தமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யாரோ துணியை விலக்கினார்கள். வெளிச்சம் அவள் முகத்தில் அறைந்தது.

காத்திருந்தார்கள். நடிகர் வசனத்தை மறந்துவிட்டால் காத்திருப்பார்களே, அந்தப் பொறுமையோடு.

குழியின் அடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. கிழவரின் குரல் இல்லை. அவனுடைய சொந்தக் குரல், பயந்து, தடுமாறி.

“அக்கா. அடுத்த வரி குடு அக்கா.”

எழுந்து வா என்று கத்தவேண்டும். வாடா. அவ்வளவுதான். இரண்டு எழுத்து. அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அதற்குள் காலடியில் கல் அதிர்ந்தது. மெல்ல, பொறுமையாக, அவள் காதுக்கு மட்டும் அது எடுத்துக் கொடுத்தது.

அவள் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். நகம் கன்னத்தில் இறங்கும் வரைக்கும்.

கைக்குள்ளே உதடுகள் அசைந்தன.

“போதும்,” என்றது அவள் வாய். “மூடுங்க.”

மண் விழுந்தது. குழிக்குள்ளிருந்து தம்பி, அட்சரம் பிசகாமல், அவள் கொடுத்த அதே வரியைத் திருப்பிச் சொன்னான். மறுபடி மண் விழுந்தது. மறுபடி சொன்னான். அள்ள அள்ளக் குறையாத அந்த மண்ணால் குழி தரையோடு தரையாக நிரம்பி, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமப்படுத்திய பிறகும், அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.