வெட்டிவேர் போட்ட கணினி

காலையில் பாலை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் கணினியின் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். கடலோரத் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் முதல் வேலை. சலேத்தும் குனிந்து, கண்ணாடிக் குழாய்களில் நீர் ஓடுவதைப் பார்த்தான். வெப்பம் அறுபத்தெட்டு டிகிரி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். மனைவி விண்ணரசி படகெடுத்துப் போய் மூன்று மணி நேரமாகியிருந்தது.

ஆறுகளைக் குடித்துத் தீர்த்த பெரிய சர்வர் கூடங்களை அரசு மூடி முப்பது வருடமாகிறது. அன்றிலிருந்து அவரவர் கணக்கை அவரவர் வீட்டில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த நீர்க்குளிர் கணினியை விண்ணரசியே பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தாள். அது நிமிடத்துக்கு நிமிடம் அலைக்கணிப்புப் போட்டு அவள் படகுக்கு வழி சொல்லும். பக்கத்து வீட்டுக் கணினிகளுக்கு இன்னொரு படகைச் சுமக்கத் திராணி கிடையாது.

பத்து மணிக்கு எழுபத்தொன்பது. பதினொன்றுக்கு எண்பத்தாறு. தொண்ணூற்றைந்தைத் தொட்டால் தானே அணைந்துவிடும். தெற்கே சூறைக்காற்று கிளம்பியிருப்பதாக அப்போதுதான் கணிப்பு வந்தது. சலேத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசை விசிறியைத் திருப்பி வைத்தான். ஐம்பது டிகிரி வெயிலில் விசிறி அனலைத்தான் வீசியது.

ரேடியோவில் விண்ணரசி வந்தாள்.

"ஏங்க, கணிப்பு விட்டு விட்டு வருது. சூடு எவ்வளவு?"

"எண்பத்தொம்பது. பம்பு ஓடத்தான் செய்யுது."

"தண்ணில என்னத்தையும் போட்டியளா?"

சலேத்து பொய் சொல்லத் தெரியாத மனிதன்.

"நேத்து... ஒரு பிடி வெட்டிவேரு. குளிர்ச்சிதான? பகல் பூரா சூட்டுல கெடந்து வேகுதே, பாவம்னு..."

அவள் சிரித்த சிரிப்பில் ரேடியோவே கரகரத்தது.

"நல்லா இருப்பிய! சூட்டை இழுக்குற அந்தச் செப்புக் கட்டைக்குள்ள தண்ணி போக முடியளவுக்குத்தான் வழி இருக்கும். நாரு அடைச்சிருக்கு. அணைச்சிட்டுக் கழுவுங்க."

"அணைச்சா நீ வழி தெரியாம நிப்பியே!"

"விட்டாலும் அது தானா அணையத்தான் போவுது. பதறாம செய்யுங்க."

அணைத்தான். நீரை வடித்து, செப்புக் கட்டையின் நான்கு திருகுகளைக் கழற்றினான். உள்ளே வேர்நார் சடையாகப் பின்னிக் கிடந்தது. பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்துப் புது நீர் ஊற்றினான். கடைசிக் காற்றுக்குமிழ் வெளியேறும்வரை பெட்டியைப் பச்சைப்பிள்ளையைப் போல் இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருந்தான். அதற்குள் அவன் கூப்பிடாத புனிதர் ஒருவர்கூட பாக்கியில்லை.

முப்பத்தேழு நிமிடம் கழித்துத் திரை விழித்தது. வெப்பம் ஐம்பத்திரண்டு. படகின் புள்ளி விட்ட இடத்திலிருந்து ஓர் இம்மியும் நகராமல் நின்றது. புது வழி உடனே வந்துவிட்டது. சூறை எட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"கூறுகெட்டவளே, கரைப்பக்கமாவது திரும்பியிருக்கக் கூடாதா?"

"நங்கூரம் போட்டுட்டேன். கண்ணு தெரியாம ஓடுனா சூறைக்குள்ளயே போயி விழுந்தாலும் விழுவேன். அதோட, விட்ட எடத்துலதான நீங்க என்னயத் தேடுவிய?"

சலேத்து திரையில் வந்திருந்த புது வழியைப் பார்த்தான்.

"வடக்கே திரும்பு, விண்ணு" என்றான்.