தோல் கட்டுபவன்

ஜப்பானின் கனஸாவா நகரில் அடைமழை தொடங்கிய ஐந்தாம் நாள், சமையலறையில் நின்றிருந்த சயோவின் மூக்கில் அந்த வாடை ஏறியது. நனைந்த பூனை ரோமத்தை வாளித் தண்ணீரில் போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டதைப் போல, அடித்தொண்டையில் கொழுப்பாகப் படிகிற வாடை. கழிவுக் குழாயைக் கழற்றிக் கழுவினாள். ஊறுகாய்ச் சாடியை மோந்தாள். பாய்களின் ஓரங்களைத் தூக்கிப் பார்த்தாள். எதிலும் இல்லை. கடைசியில் அது அவளை முன்னறை மாடத்தில் இருந்த வெண்கலச் சிலையிடம் கூட்டிக்கொண்டு போனது.

அவள் கணவன் கென்சோ போன மாதம் கோயில் சந்தையில் வாங்கி வந்த பழஞ்சிலை. முழ உயரம்தான். ஷாமிசென் வாத்தியத்துக்குப் பூனைத்தோல் கட்டும் தொழிலாளி ஒருவன், மடியில் மரச்சட்டத்தை வைத்துக் குனிந்து, அதன்மேல் தோலை இழுத்துக்கொண்டிருப்பான். நகக்கண்வரை வார்த்திருந்தார்கள். பூனையின் முலைக்காம்புகள் இருந்த நான்கு புள்ளிகள்கூட அந்த வெண்கலத் தோலில் தெரியும்.

துடைத்தாள். துணியில் மஞ்சளாக ஏதோ ஒட்டி, நூலாக நீண்டு வந்தது.

"மழைக்காலத்துல வெண்கலம் வேர்க்கத்தான் செய்யும்," என்றான் கென்சோ, தட்டில் இருந்த சுட்ட மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்கு இந்த வீட்ல எதுதான் நாறல?"

"ஒரு தடவை மோந்து பாருங்க."

"சாப்பிடும்போது ஆரம்பிக்காத."

அவன் உதட்டோரம் மீன்தோல் ஒட்டியிருந்தது. சயோ தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை அந்த வெண்கலத் தோலின்மேல் விரல் வைத்தாள். அமுங்கியது. இளஞ்சூடு. காய்ச்சிய பாலின் ஏடுபோல விரலோடு எழும்பி வந்து, மனமில்லாமல் விட்டது. மூன்று முறை சோப்புப் போட்டாள். கை வழுவழுப்புப் போகவில்லை.

"இன்னைக்கே இதை வெளிய தூக்கிப் போடுங்க. இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"போயேன். மாடத்துல இருக்கிறவனாவது வாயைத் திறக்காம வேலை பாக்குறான்." சட்டையைக் கழற்றிவிட்டு மாடத்தின் முன்னால் ஒருக்களித்துப் படுத்திருந்தான் கென்சோ. "போறதுக்கு முன்னாடி முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு. ராத்திரியெல்லாம் ஒரே அரிப்பு."

சொறிந்தாள். நகத்தின் கீழே தோல் நழுவியது. சதையைப் பிடிக்காமல், தளர்ந்த காலுறைபோல, இடமும் வலமும். நகக்கண்களில் ஈரமாக வெள்ளைப் பிசுக்கு. அதே வாடை.

"இன்னும் அழுத்தி," என்றான் அவன், சுகமாக.

கழிவறைக்கு ஓடினாள். பித்தம் வரும்வரை வாந்தி எடுத்தாள். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டொப்.

ஈரத் தோலைச் சுண்டும் சத்தம். கொஞ்ச நேரம் மழை மட்டும்.

டொப்.

இந்த முறை சுருதி ஏறியிருந்தது.

அவள் எழுந்து போனாள். கதவை நகர்த்தினாள். மதிய வெளிச்சம். கென்சோ தோட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். முதுகுத்தண்டிலிருந்து அவன் தோல் எழும்பியிருந்தது. பந்தல் துணிபோல. ஒரு முழம். மாடம்வரை. மெலிதாக. வெளிச்சம் சிவப்பாக ஊடுருவி, நரம்புகள் தெரிய.

அதன் நுனி சிலையின் வெண்கலப் பற்களுக்கு நடுவே இருந்தது.

"சயோ." கென்சோ திரும்பவில்லை. குரலில் தூக்கக் கலக்கம். "ஒரு கிண்ணத்துல வெந்நீர் கொண்டு வா. தோல் காஞ்சா கிழிஞ்சிடுமாம்."

வெண்கலத் தலை ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்தது. தோல் கூடவே வந்தது.