கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

விடுமுறை நாள் மதியம். அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. சோதனை அறைக் கதவைத் திறந்ததும் பழைய கம்பளத்தின் ஈர வாடை அடித்தது. அக்காக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் அவள் தம்பி செத்தது இந்த அறையில், இந்த நாற்காலியில்.

அவள் விண்வெளி வீடியோ கேம் வடிவமைப்பவள். எந்தக் கிரகத்தில் எவ்வளவு காற்று, எங்கே ஆபத்து என்று தீர்மானிப்பது அவள் வேலை. ரொம்பச் சுலபமாக இருந்தால் ஆடுகிறவன் கொட்டாவி விடுவான். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் எழுந்து போய்விடுவான். நடுவில் பிடித்து அவனை நாற்காலி நுனியில் உட்கார வைக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு: ஆடுகிறவன் இந்த அறையில், அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில். அவன் எவ்வளவு திணறினாலும் அவள் வாய் திறக்கக் கூடாது. கண்ணாடியைத் தட்டக் கூடாது. உதவினால் சோதனை பாழ்.

தம்பிக்கு வீட்டில் சில்வண்டு என்று பேர், வாய் ஓயாது. அன்றைக்குப் பனிக்கிரகத்தில் அவன் விண்கலம் மாட்டிக்கொண்டதும் அந்த வாய் அடங்கியது. மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். பயல் ஆட்டத்தில் மூழ்கிவிட்டான் என்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பாவி. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அந்தக் கிரகத்தில் யாரும் வைக்காத கலம் ஒன்று நிற்கிறது என்று ஆடுகிறவர்களிடமிருந்து புகார். காதில் யாரோ மூச்சு வாங்குகிறார்களாம். நாளைக்கே கிரகத்தை அழித்துவிடச் சொல்லிவிட்டார் மேலாளர். அதற்குள் அவனை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறாள்.

ஹெட்போனை மாட்டினாள். திரையில் பனி, இருட்டு. அதோ, அந்தக் கலம்.

மூச்சுச் சத்தம்.

"அக்கா... வழி தெரியலக்கா."

அவள் தன் கலத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். "இடது பக்கம் குகை இருக்குடா. என் பின்னாலயே வா. அக்கா இருக்கேன்ல."

கலம் அசைந்தது. குகை நெடுக அந்த மூச்சு அவள் பின்னாலேயே வந்தது. நட்சத்திரங்கள் தெரிந்ததும் அவளைத் தாண்டிப் பறந்து, புள்ளியாகி, மறைந்துபோனது. "பத்திரமா போடா கண்ணு" என்று மேஜையில் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

கண்ணாடியின் அந்தப் பக்கம் மூச்சின் ஈரம் வெள்ளையாகப் படிந்திருந்தது, உட்கார்ந்திருப்பவன் வாய் உயரத்தில். படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது. ஒவ்வொரு தடவையும் சிறிதாகிக்கொண்டே வந்தது.

இந்தத் தடவை அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். எழுந்து ஓடிப் பக்கத்து அறைக் கதவை இடித்துத் திறந்தாள். உள்ளே அவள் எப்போதும் உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"சில்வண்டு..."

கண்ணாடியைக் கையால் துடைத்தாள். கையில் ஈரம் ஒட்டவில்லை.

ஈரம் இப்போது அந்தப் பக்கம் இருந்தது, அவள் விட்டு வந்த நாற்காலிக்கு நேரே. மெல்லப் படிந்தது, கலைந்தது.