பிடியரிசி முட்டி

சுளகில் பரப்பியிருந்த அரிசியில் ஒரு குழி விழுந்திருந்தது.

ஸாஹிர் கல் பொறுக்கிவிட்டு விறகெடுக்கப் பின்வளவுக்குப் போய் வந்த இடைவெளியில் நடந்திருக்கிறது. பூனையென்றால் கிளறியிருக்கும், எலியென்றால் புழுக்கை கிடக்கும். இது யாரோ நான்கு விரலையும் சேர்த்து, ஒரு பிடி அள்ளிய குழி.

பயப்படக்கூட அலுப்பாக இருந்தது அவனுக்கு. டீசல் இல்லாமல் வேன் முற்றத்தில் நின்று, புடைவை வியாபாரமும் படுத்து, மனைவி ஸாதியா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு அடுப்படி அவன் தலையில் விழுந்தது. வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் குடும்பத் தலைவனின் பொறுப்புகள் பற்றி ஒலிவாங்கி சூடாகுமட்டும் முழங்கியவன், ஈர விறகை ஊதி இருமி, அந்தப் பேச்சில் விட்டுப்போன பகுதியை இப்போது படித்துக்கொண்டிருந்தான். காத்தான்குடி வழக்கப்படி வீடும் ஸாதியாவின் சீதனம்தான். அவன் அதில் வந்து குடியேறிய மாப்பிள்ளை.

ஸாதியா அழைத்தபோது குழியைப் பற்றிச் சொன்னான்.

"இஞ்சாருங்க, மூலையில இருந்த மண் முட்டிய என்ன செஞ்சீங்க?"

"அதுக்குள்ள அரிசி கிடந்திச்சு. ஆக்கித் திண்டம். நல்ல அரிசிதான்."

"அல்லாவே! உலை வைக்கக்குள்ள ஒவ்வொருக்காவும் ஒரு பிடி எடுத்து அதுக்குள்ள போடுறது. உம்மா போட்டா, நானும் போட்டன். இவ்வளவு காலம் இந்த வீட்டுல திண்டீங்க, தெரியாதா?"

"எனக்கு யாரு சொன்ன?"

"இண்டைக்கே போடுங்க. அதை வெறுமையா வைக்கப்படாது."

"கிடக்கிறதே அரைக் கொத்து புள்ள. மகளுக்குப் போடவா, முட்டிக்குப் போடவா?"

அவன் போடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு சமையலிலும் ஒரு பிடி குறைந்தது. மூடி வைத்தாலும், மடியில் வைத்துக்கொண்டே அடுப்பை மூட்டினாலும். ஈர மண் வாசமும் கழுநீர் வாசமும் அந்த மூலையிலிருந்து எழுந்து, புகையைத் தாண்டி அவன் சட்டைக்குள் வந்து ஒட்டிக்கொண்டன. சோற்றை மகள் இனாயாவின் கோப்பையில் வழித்துப் போட்டு, "நான் முந்தியே திண்டுட்டன் மகள்" என்றான். சொன்ன பிறகுதான், அதே சொற்களை ஸாதியா எத்தனை இரவு சொன்னாள் என்பது நினைவுக்கு வந்தது.

ஒருநாள் அரிசியே இல்லை. அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டு இனாயா பாயில் சுருண்டாள். மஃரிப் தொழுகைக்குப் பின் கரண்ட் போனது. முட்டிக்குள் சத்தம். நகத்தால் அடி சுரண்டும் சத்தம். அவசரமில்லாமல், கடைசிப் பருக்கையை வழிக்கும் ஒரு பெண்ணைப் போல.

மூடியை எடுத்தான். இருட்டு.

"இனி அரிசி இல்ல. வேணுமெண்டா என்னை எடு. புள்ளைய விட்டுரு."

கையை முழங்கைவரை உள்ளே விட்டான். குளிர்ந்த மண்.

பிறகு விரல்கள்.

அவன் உள்ளங்கையை அமுக்கின. மணிக்கட்டை அமுக்கின. சந்தையில் மீனைப் பார்ப்பதுபோல.

விட்டுவிட்டன.

வேண்டாமாம். அந்த நேரத்திலும் அவனுக்கு ரோஷம் வந்தது. சுரண்டல் நின்றிருந்தது.

"வாப்பா." உள்ளறையில் இனாயாவின் தூக்கக் குரல். "இப்ப என்னைத் தொட்டது யாரு?"

விளக்கோடு ஓடினான்.

இரத்தம் இல்லை. காயம் இல்லை. ஒரு கன்னம் இருந்த இடத்தில், ஒரு பிடி அள்ளியதுபோல், தோல் வழவழவென்று உள்ளே இறங்கியிருந்தது.

அவள் கொட்டாவி விட்டாள். குழியும் சேர்ந்து விரிந்தது.