பஜனை மடத்தில் பின்பாட்டு

சத்தியவேட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்தக் கிராமத்தில், பூட்டிக் கிடந்த பஜனை மடத்தின் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார் செங்கல்வராயன். மடம் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. தேன்மொழிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

அவளும் கணவன் சுனிலும் புத்தூரில் யோகா வகுப்பு நடத்துகிறார்கள். தியானத்தின்போது போட்டுக் கேட்க, அவன் குரலிலேயே கோவிந்த நாமத்தைப் பதிய வேண்டும். பழைய மடத்தில் குரல் எதிரொலித்து நிற்கும் கார்வை நன்றாக இருக்கும் என்று தேடி வந்தார்கள். சுனிலுக்குக் குரல்தான் சொத்து. அந்தக் குரலுக்காகத்தான் தேன்மொழி வீட்டை எதிர்த்துக்கொண்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

"பின்பாட்டுக்கு ஆளு எங்கம்மா?"

"வேணாங்க. இவரு ஒரு நாமம் சொல்லிட்டுக் கொஞ்சம் எடம் வுடுவாரு. வகுப்புல கேக்கறவங்க அந்த எடத்துல திருப்பிச் சொல்லிக்குவாங்க."

"இங்க எடம் வுட்டு யாரும் பாடறதில்ல. ஒருத்தர் சொன்னா ஒடனே நாலு பேரு எடுத்துக்கணும்."

"ஏன்?"

அவர் சாவியை நீட்டிவிட்டு எதிரே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். பெரிய மனுஷர் பந்தா என்று தேன்மொழி நினைத்துக்கொண்டாள்.

உள்ளே வௌவால் நெடி மூக்கில் ஏறியது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர். தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். சுனில் மைக்கைப் பொருத்திக்கொண்டு கண்ணை மூடினான்.

"கோவிந்தா..."

குரல் உத்திரம் வரை போய் மெல்ல இறங்கியது. அவன் இடம் விட்டான்.

"கோவிந்தா."

ஜன்னலுக்கு வெளியே யாரோ திருப்பிச் சொன்னார்கள்.

தேன்மொழி எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. சுனில் அடுத்த நாமத்தைத் தொடங்கியிருந்தான். இந்த முறை பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆண்குரல். பாடக் கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிற குரல். அதோடு சேர்ந்து, கட்டை சதையில் விழுகிற சத்தம்.

சுனிலின் உதடு கிழிந்தது.

அவனை யாரும் அடிக்கவில்லை.

"ஏங்க, நிறுத்துங்க!"

நிறுத்தத்தான் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் வாய் தானாகத் திறந்து பாடியது. பதில் வந்தது. அடி விழுந்தது. முன்பல் இரண்டு மைக் வயர்மேல் தெறித்தன. தேன்மொழி அவன் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அடி அவளை ஒன்றும் செய்யாமல் அவனுக்குள் இறங்கியது. அவள் கைக்குள்ளேயே அவன் தாடை நொறுங்கியது. வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் ரத்தமும் நாமமும் ஒன்றாக வழிந்தன.

அவனை இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

கதவு திறக்கவில்லை.

"தொறங்க! இவரைக் கொல்லுது!"

வெளியே செங்கல்வராயன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"தொறக்கக் கூடாதுன்னு என்னைப் பெத்த நைனா அன்னிக்கே சொல்லிக்கிறாரும்மா. உள்ள பாடறது பக்கிரிசாமி, எங்க நெலத்துல கூலிக்கு இருந்தவன். அவங்கள்லாம் மடத்துக்குள்ள வரக் கூடாது. தெருவுல நின்னுகினு பின்பாட்டு பாடினான். உள்ள இழுத்துப் போட்டு, தாளம் போடற சிப்ளாக்கட்டையாலயே நைனா அவன் வாயில அடிச்சாரு. சாவற வரைக்கும் அடிச்சாரு. நான் சின்னப் பையன். கதவைப் புடிச்சிக்கினு இருந்தேன்."

"பாவி, இப்பவாச்சும் வுடுய்யா!"

கை விலகியது. கதவு திறந்தது. சுனிலை அக்குளில் கைகொடுத்து வெயிலுக்கு இழுத்துப் போட்டாள். மடம் அடங்கிப் போனது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டினார்கள். காலையில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "உயிருக்கு பயம் இல்லம்மா. வாய் தொறக்கத்தான் நாளாவும்" என்றாள். தேன்மொழி அவன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். குரல் போனால் போகட்டும், ஆள் இருக்கிறானே என்று மனசு நிறைந்துபோயிருந்தது.

கீழே தெருவில் மலைக்குப் போகிற பஸ் ஒன்று திரும்பியது. உள்ளே இருந்தவர்கள் ஒரே குரலாகக் கூவினார்கள்.

"கோவிந்தா!"

சுனிலின் வாய் அசையவில்லை. அவன் தொண்டைக்குள்ளிருந்து அந்த ஆண்குரல் சந்தோஷமாகத் திருப்பிச் சொன்னது.

கட்டுத்துணியில் புதிதாகச் சிவப்பு பரவியது.

பின்னால் அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது.